வாங்குவோமா?

பல்லக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் டெலிவரிக்காரர். பல் மருத்துவமனைகளிலிருந்து பல் அச்சுகளை அட்டைப் பெட்டிகளில் எடுத்து வருவதும், செய்து முடித்த பற்களைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் வேலை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைப் ‘பல்லு செய்ற அக்கா’ என்றார். வாய் வலித்ததோ என்னவோ, ஒரே வாரத்தில் அது பல்லக்கா ஆகிவிட்டது. “பல்லக்குல ஏறுனவங்க நிறையப் பேரு உண்டு. பல்லுலயே ஏறி உக்காந்தவங்க நீங்க ஒருத்தர்தான்” என்று தானே சொல்லித் தானே சிரிப்பார். அவளும் சிரிப்பாள். பகல் முழுக்க அவளிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான். அதனால் நகைச்சுவை பழசான பிறகும் அவள் சிரிப்பைக் குறைத்ததில்லை.

அவள் பல் செய்யும் கூடம் ஒன்றில் பீங்கான் பல் கட்டுகிறவள். பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு ஒரு பல்லை எழுப்புவாள். பிறகு கைப்பெட்டி அளவுள்ள சூளையில் வைத்துச் சுட்டு எடுப்பாள். எந்தப் பல்லின் ஓரம் கொஞ்சம் சாம்பல் அடிக்கும், எந்த வயதில் மஞ்சள் ஏறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊரில் பல நூறு வாய்கள் அவளுக்குத் தெரியும். முகம் ஒன்றுகூடத் தெரியாது. சில சமயம் பேருந்தில் எதிரே யாராவது வாய்விட்டுச் சிரித்தால், ‘இது நம்ம பல்லாக இருக்குமோ’ என்று பார்ப்பாள். பார்த்தவுடனே அந்த ஆள் வாயை மூடிக்கொள்வார்.

அதே கூடத்தில் இரண்டு இளைஞர்கள் கணினியில் பல் வரைகிறார்கள். காதில் இயர்போன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதலாளியம்மா. மாலை ஆனதும் பல்லக்கா மேசையைத் துடைத்து, தூரிகைகளைக் கழுவித் தலைகீழாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறை. ஒன்றில் அவள் தூங்குகிறாள். இன்னொன்று தம்பியின் அறை. அவன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையாகி, அங்கேயே கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்கும் அப்பாவாகிவிட்டான். இப்போது அந்த அறையில் துணி காய்கிறது. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ஒரு மருத்துவமனையின் உதவியாளரோடு பல்லின் நிறம் பற்றித் தொலைபேசியில் பேசிப் பேசி, பேச்சு வேறு பக்கம் திரும்பப் பார்த்தது. அதற்குள் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் கதை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை என்பது அவள் எண்ணம்.

செய்தி வந்தது ஒரு மதிய இடைவேளையில். அன்று காலைதான் தம்பி குழந்தையின் படம் ஒன்று அனுப்பியிருந்தான். முன்பல் இரண்டும் விழுந்து, ஓட்டையைக் காட்டிச் சிரிக்கிற படம். ‘அத்தை வந்து கட்டித் தரேன்னு சொல்லு’ என்று அவள் பதில் போட்டிருந்தாள். ஒரு சிரிக்கிற முகம் வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடும்போது போன் மறுபடியும் அதிர்ந்தது. ஒரு படம், கறுப்பாக, நீள்சதுரமாக, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த விளையாட்டுக் கருவி. புதிதாக வந்திருக்கிறது. கையில் வைத்தும் ஆடலாம், டிவியில் மாட்டியும் ஆடலாம். கீழே தம்பியின் எழுத்து:

‘வந்துருச்சு! வாங்குவோமா?’

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ‘வாங்கட்டுமா’ என்று கேட்டிருந்தால், காசும் அவனுடையது, ஆசையும் அவனுடையது, அக்காவிடம் ஒரு மரியாதைக்குக் கேட்கிறான் என்று விட்டிருப்பாள். ‘வாங்கலாமா’ என்றால் யோசனை கேட்கிறான். ‘வாங்குறியா’ என்றால் விற்கப் பார்க்கிறான் என்றுகூட நினைத்திருப்பாள். ‘வாங்குவோமா’ என்றால் அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். தம்பியிடமிருந்து இரண்டு பேர் இருக்கிற ஒரு சொல் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அவனுக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அப்பா ரொட்டி ஆலையில் விடியற்கால வேலை, அம்மா மருத்துவமனை வார்டில் எல்லா நேரமும் வேலை. ஒருவர் தூங்கும்போது ஒருவர் இருக்கமாட்டார். தம்பியைக் குளிப்பாட்டி, பாடம் சொல்லிக் கொடுத்து, அடித்து, அணைத்து வளர்த்தது அவள்தான். பல் கூடத்தில் சேர்ந்து முதல் சம்பளம் வந்ததும் யாரோ பயன்படுத்தி விற்ற ஒரு விளையாட்டுக் கருவியை வாங்கி வந்தாள். ‘எதுக்குடி இது?’ என்று அம்மா கேட்டபோது ‘தம்பிக்கு’ என்றாள். அதில் ஒரு தீயணைப்பு விளையாட்டு இருந்தது. இரண்டு வீரர்கள், ஒருவர் ஏணி தூக்க வேண்டும், ஒருவர் குழாய் பிடிக்க வேண்டும். ஏணியைச் சரியான ஜன்னலில் சாத்தினால்தான் குழாய்க்காரர் ஏற முடியும். ஏற்றிவிட்டால் புள்ளியெல்லாம் குழாய்க்காரருக்கு. ஏணிக்காரருக்கு ஒரு மண்ணும் கிடையாது. குழாய் எப்போதும் தம்பிக்கு. ‘அக்கா, ஏணி! ஏணி!’ என்று அவன் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் நிஜமாகவே ஏணியோடு வந்து நின்றார்.

அந்த விளையாட்டைப் புதுப்பித்து இந்தப் புதுக் கருவியில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை அன்று மாலையே தெரிந்துகொண்டாள். தொலைவில் இருக்கிற இரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து ஆடலாமாம். தம்பி இதை நினைத்துத்தான் கேட்டிருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

பதில் மட்டும் போடவில்லை. அவள் சொல்லிச் செய்கிற ரகம் இல்லை. செய்துவிட்டுச் சொல்கிற ரகம். வாங்கி, டிவியில் மாட்டி, அதைப் படம் பிடித்து அனுப்புவதுதான் பதில் என்று தீர்மானித்தாள்.

ஆனால் அந்தத் தீர்மானத்துக்கும் கடைக்கும் நடுவில் மூன்று வாரம் ஓடியது. காசு ஒரு தடையே இல்லை. தனி ஆளுக்கு என்ன செலவு? அதுதான் அவளை உறுத்தியது. காசு இல்லையென்றால் ‘முடியாதுடா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். இருக்கும்போது காரணம் தேட வேண்டியிருக்கிறது. நாற்பத்தைந்து வயதில், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒருநாள் யோசித்தாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அடுத்த நாள் யோசித்தாள். இரண்டாவது யோசனைதான் அதிகமாக வலித்தது.

வேலை முடிந்து வந்ததும் அந்தக் கருவியைப் பற்றிப் பேசுகிற காணொளிகளைப் பார்த்தாள். ஒருவர் மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்றார். ஒருவர் பழைய கருவியே போதும், இதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் என்றார். இன்னொருவர் பெட்டியைத் திறப்பதையே கால் மணி நேரம் காட்டினார். அவர் உறையைப் பிரிக்கும் சத்தம்கூட அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் வேறொரு மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சனிக்கிழமை கடைக்குப் போனாள். மாதிரிக் கருவியை மேசையோடு கம்பிச் சுருள் போட்டுக் கட்டியிருந்தார்கள். கடைப்பெண் வந்து சிரித்தாள். நல்ல பல் வரிசை, சொந்தப் பல்.

“யாருக்குப் பாக்குறீங்க? பையனுக்கா?”

“தம்பிக்கு.”

“தம்பிக்கு என்ன வயசு?”

“முப்பத்தி நாலு.”

கடைப்பெண், “அதனால என்ன, இப்பல்லாம் பெரியவங்கதான் ஜாஸ்தி வாங்குறாங்க” என்றாள். பிறகு கருவியின் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றினாள். “இப்படித் தனித்தனியா வந்துடும். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு கூட ஆடுறவங்களுக்கு. புடிங்க, ஒரு ஆட்டம் போட்டுப் பாக்கலாம்.”

தீயணைப்பு விளையாட்டுதான் திரையில் இருந்தது. பல்லக்கா கைப்பிடியை வாங்கினாள். அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நாள் முழுக்கத் தூரிகை பிடிக்கிற விரல்களுக்கு அது சரியாக உட்கார்ந்தது. முதல் ஜன்னலில் ஏணியைச் சாத்தினாள். இரண்டாவது, மூன்றாவது. “அட, நீங்க பழைய ஆளு போல!” என்று கடைப்பெண் கூவினாள். பல்லக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. நாலாவது மாடிக்கு ஏணி நீளும்போது வேறு யாரோ கூப்பிட, “ஒரு நிமிஷம்” என்று கடைப்பெண் கைப்பிடியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திரையில் குழாய்க்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். தீ மேலே ஏறிக்கொண்டிருந்தது. பல்லக்கா ஏணியைப் பிடித்தபடி காத்திருந்தாள். கடைப்பெண் வரவில்லை. பின்னால் ஒரு குடும்பம் வரிசையில் நிற்பதைப் பார்த்து, கைப்பிடியை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

முதல் தடவை வந்ததெல்லாம் விற்றுப்போயிருந்தது. பெயர் எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரம் வரும் என்றார்கள். கொடுத்தாள்.

அடுத்த வாரம் முழுக்க அவள் கொஞ்சம் உயரமாக நடந்தாள் என்று சொல்ல வேண்டும். டெலிவரிக்காரர்கூடக் கவனித்தார்.

“என்ன பல்லக்கா, முகத்துல லைட்டு எரியுது?”

“ஒரு கேம் மெஷின் வாங்கப் போறேன்.”

“எது, பசங்க கையில வச்சுக்கிட்டு டொக்கு டொக்குனு தட்டுவாங்களே, அதுவா? உங்களுக்கா?”

“என் தம்பி கூப்பிட்டான். ரெண்டு பேரும் சேந்து ஆடலாம்னு. சின்ன வயசுல ஆடுவோம்.”

“அப்படிப் போடுங்க! தம்பின்னா இப்படி இருக்கணும். எனக்கும் ஒருத்தன் இருக்கான், வாடகை பாக்கின்னா மட்டும் போன் பண்ணுவான்.”

அவர் அதை அவரிடமே வைத்துக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் இயர்போன் இளைஞர்களில் ஒருவன் இயர்போனைக் கழற்றிவிட்டு, “சூப்பர்க்கா, அந்த கேம் செம” என்றான். அவன் அவளிடம் வேலை விஷயம் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. முதலாளியம்மாவும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “தம்பி நல்லா இருக்கானா?” என்று விசாரித்தாள். “நல்லா இருக்கான்மா” என்று பல்லக்கா சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. பெருமைப்பட ஒரு காரணம் கிடைத்தவர்கள் அதை அடக்கி வாசிப்பது கஷ்டம்.

வீட்டில் டிவி மேசையைச் சுவரை விட்டு இழுத்துப் போட்டாள். பின்னால் சேர்ந்திருந்த தூசியைத் துடைத்தாள். தம்பி இருக்கும் ஊரில் நேரம் மூன்று மணி பின்னால். அவன் வேலை முடிந்து, சாப்பிட்டு, குழந்தை தூங்கி... வாரநாளில் ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள்.

கடையிலிருந்து கூப்பிட்டார்கள். கருவி வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். புதன்கிழமையே சீக்கிரம் கிளம்பிப் போனாள். அங்கே போனபோதுதான் ஒரு சிக்கல். விளையாட்டோடு சேர்த்து ஒரு வகை, வெறும் கருவி ஒரு வகை. ஆடுவதற்கான கணக்கை எந்த நாட்டில் தொடங்குவது என்றும் கேட்டார்கள். தம்பி எப்படி வாங்கியிருக்கிறானோ தெரியவில்லை. மாற்றி வாங்கிவிட்டுப் பிறகு சேர்ந்து ஆட முடியவில்லை என்றால்? கேட்டுவிடுவதுதான் நல்லது என்று ஓரமாகப் போய், சலவை இயந்திரங்கள் வைத்திருக்கிற பக்கம் நின்று போன் போட்டாள்.

“என்னக்கா? உடம்புக்கு ஏதாவதா?” தம்பியின் குரலில் பதற்றம். அவர்களுக்குள் போன் என்பது அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது.

“ஒண்ணும் இல்லடா. கடையில நிக்கிறேன். விளையாட்டோட சேத்து இருக்கிறதை வாங்கவா, இல்ல தனியாவா? நீ எது வாங்குன?”

“என்ன வாங்குனேன்?”

“மெஷின்டா. நீதானே அனுப்புன. வாங்குவோமான்னு.”

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையில் தேடுவது அவளுக்குக் கேட்டது.

“ஐயோ அக்கா...” என்றான். “அது அவளுக்குப் போட்டது. காலையில உனக்கு பாப்பா போட்டோ அனுப்புனேன்ல, உன் பேரு மேலயே இருந்திருக்கு. பாப்பாவுக்கு வாங்குவோமான்னு அவளைக் கேக்கத்தான்... அவகிட்ட அன்னைக்கு சாயங்காலமே நேர்ல பேசிட்டேனா, நான் திரும்பிப் பாக்கவே இல்ல.”

“அதானே பாத்தேன்” என்று பல்லக்கா சிரித்தாள். சிரிப்பு சரியாகத்தான் வந்தது. “நானும் நெனச்சேன், என்னடா இவன் திடீர்னு...”

“நிஜமாவே வாங்கப் போயிட்டியா?”

“சேச்சே. வாஷிங் மெஷின் பாக்க வந்தேன். இங்க இது இருந்துச்சா, சும்மா கேட்டுப் பாத்தேன்.”

“வாங்கித் தொலைச்சுடாதக்கா. அநியாய விலை. அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்.”

“நீங்க வாங்கிட்டீங்களா?”

“எங்க? பாப்பா கண்ணு கெட்டுடும்னு அவ வேண்டாம்னுட்டா. அதோட சரி.”

பிறகு குழந்தையின் பல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். அவனுக்கு ஏதோ கூட்டம் இருந்தது. “வைக்கிறேன்க்கா, அப்புறம் கூப்பிடுறேன்” என்றான். அவளுக்கு எதிரே ஒரு சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. அதை மூடிவிட்டு முன்பக்கம் வந்தாள். கடைப்பெண் பெட்டியை மேசைமேல் எடுத்து வைத்திருந்தாள்.

“பேக் பண்ணிடவா?”

“நாளைக்கு வரேன்ம்மா.”

“வெள்ளிக்கிழமைக்கு மேல வச்சிருக்க முடியாதுங்க. கேட்டுட்டே இருக்காங்க.”

“தெரியும்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். இழுத்துப் போட்ட டிவி மேசை அறையின் நடுவில் எதற்கோ வந்த விருந்தாளி மாதிரி நின்றது. தம்பி மேல் கோபம் வரவில்லை. அவன் என்ன செய்வான்? பெண்டாட்டியிடம் ‘வாங்குவோமா’ என்று கேட்கிறவன் நல்ல கணவன்தான். அவளே வளர்த்த பிள்ளை. ஆனால் அந்தச் சொல்லின் ‘ஓ’வுக்குள் அவள் கிட்டத்தட்ட ஒரு மாதம் குடியிருந்துவிட்டாள். இப்போது வீட்டுக்காரர் வந்து, இது உன் வீடு இல்லையம்மா என்று கதவைத் தட்டியது போலிருந்தது.

மறுநாள் டெலிவரிக்காரர் பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே கேட்டார். “வாங்கியாச்சா? தம்பி ஜெயிச்சாரா, நீங்க ஜெயிச்சீங்களா?”

“இன்னும் ஸ்டாக் வரலையாம்.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சூடாயிற்று. அன்று ஒரு முன்பல்லின் விளிம்பு சரியாக வரவில்லை. உடைத்துவிட்டு மறுபடி கட்டினாள். இயர்போன் இளைஞன் போகிற போக்கில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவளும் காட்டினாள். வேறென்ன செய்வது?

அன்று மாலை தம்பியின் அறையில் காய்ந்த துணிகளை மடிக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் நினைக்காத ஒன்று.

தம்பி ஊரை விட்டுப் போன பிறகும் அவள் அந்தப் பழைய கருவியைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் இருக்கும். தினமும் இல்லை, ஆனால் அடிக்கடி. இரண்டு பேர் ஆட வேண்டியதை ஒற்றை ஆளாக ஆட முடியாது. அதனால் அதிலிருந்த வேறொரு விளையாட்டை ஆடினாள். குளிர்காலத்தில் ஒரு நரி வீடு திரும்புகிற விளையாட்டு. அம்மா உள்ளே வந்தால் இவள் டிவியை மாற்றிவிடுவாள். ஒருநாள் கருவி செத்துப்போனது. எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? யாருக்காக என்று கேட்டால் என்ன சொல்வது? பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பியைப் பிரிந்த துக்கம்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். அதுவும் உண்டுதான். ஆனால் அந்த நரி பாதி வழியில் நின்றுபோனதும் உண்டு.

மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். முதல் சம்பளத்தில் அதை வாங்கும்போது தம்பி கேட்கவே இல்லை. அவன் கேட்டது ஒரு சைக்கிள். கடை வாசலில் மூன்று நாள் நின்று பார்த்தது அவள்தான். பத்தொன்பது வயதுப் பெண், வேலைக்குப் போகிறவள், தனக்கென்று அப்படி ஒன்றை வாங்கினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘தம்பிக்கு’ என்று சொன்னால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்லவும் இல்லை. அந்தச் சொல் அவ்வளவு வசதியாக இருந்ததால், காலப்போக்கில் அவளே அதை நம்பிவிட்டாள்.

பாவம், அந்தப் பையனுக்குச் சைக்கிள் கடைசிவரை வரவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. தனியாக உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை போனாள். கடைப்பெண்ணுக்கு அன்று விடுமுறை. வேறொருவர், தூக்கக் கலக்கத்தோடு, உத்தரவாத அட்டையில் எழுதப் பெயரும் போன் எண்ணும் மட்டும் கேட்டார். வெறும் கருவியைத்தான் கொடுப்பதாக இருந்தார். விளையாட்டோடு உள்ளதே வேண்டும் என்று அவள் மாற்றச் சொன்னாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தாள். வாங்கிய பிறகும் மனம் ஓயவில்லை. ‘இது திமிரா, வீம்பா, அழுகையா?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

பெட்டியைப் பிரிக்கும் சத்தம் காணொளியில் கேட்டதைவிடச் சின்னதாக இருந்தது. தீயணைப்பு விளையாட்டைப் போட்டாள். இன்னொரு வீரரை இணைக்கவும் என்றது. நண்பர் பட்டியலைத் திறந்தால் காலியாக இருந்தது. ஒரு கைப்பிடியை இடது கையிலும் ஒன்றை வலது கையிலுமாக வைத்துக்கொண்டு, இரண்டு வீரர்களையும் தானே ஓட்டிப் பார்த்தாள். இடது கை ஏணியைத் தூக்கினால் வலது கை குழாயை எதிர்ச்சுவரில் பீய்ச்சியது. முதல் மாடியிலேயே வீடு பற்றி எரிந்தது. ஒரு மாலை முழுக்கப் பற்றி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். பிறகு ஏதோ ஊரிலிருக்கிற யாரோ ஒருவரைக் கருவியே சேர்த்துவிடும் வழி இருப்பதைக் கண்டுபிடித்தாள். ‘மூக்குப்பொடி’ என்று பெயர் வைத்திருந்த ஒருவர் வந்தார். ஆணா பெண்ணா தெரியாது. பேச முடியாது, கையசைக்கும் பொத்தான் மட்டும் உண்டு. மூக்குப்பொடி குழாயில் கெட்டிக்காரர். இருவருமாக ஆறு கட்டடம் அணைத்தார்கள். முடிந்ததும் அவர் கையசைத்தார், அவளும் அசைத்தாள். அடுத்த நாலைந்து மாலை அதே நேரத்துக்கு வந்தார். பிறகு வரவில்லை. அவள் இரண்டு நாள் அந்த நேரத்துக்குக் காத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் அந்த விளையாட்டை மூடி வைத்தாள்.

டெலிவரிக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். வேறு வழியில்லை, மனிதர் தினமும் தம்பியின் புள்ளி நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தார். “தம்பி எனக்கு அனுப்பல. பெண்டாட்டிக்கு அனுப்புனது தவறி எனக்கு வந்துடுச்சு. நான்தான் ஏமாந்தேன்.” அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “அடப்பாவமே” என்றார். பிறகு, “மெஷின் நல்லா ஓடுதா?” என்று கேட்டார்.

“ஓடுது.”

“அது போதும்” என்றார்.

தம்பி மனைவியும் ஒரு நாள் போன் செய்தாள். “அண்ணி, அவரு சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆளுக்கு ஒண்ணு வாங்கிடலாமா? ஞாயித்துக்கிழமை எல்லாரும்...”

“எனக்காக வாங்காதம்மா” என்றாள் பல்லக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் நல்ல பெண்தான். ஆனால் இரக்கப்பட்டு வாங்கிய கருவி எத்தனை ஞாயிற்றுக்கிழமை தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். “பாப்பா கண்ணைப் பாத்துக்கோ. புதுப்பல்லு முளைச்சதும் போட்டோ அனுப்பு.”

அவர்கள் வாங்கவில்லை. தம்பி ‘அப்புறம் கூப்பிடுறேன்’ என்றது ஒரு மாதம் கழித்து நடந்தது. வீட்டில் அந்தக் கருவி இருப்பதைச் சொன்னாள். “வாஷிங் மெஷின்னு சொன்னியேக்கா” என்றான். “அதுவும் துவைக்குதுடா, மனுஷனை” என்றாள். அவன் சிரித்தான். கொஞ்ச நேரம் பழைய கதை பேசினார்கள். சைக்கிளைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. பேசி முடித்த வீட்டின் அமைதி, பேசாத வீட்டின் அமைதியைவிடக் கனமானது. அதற்கு மருந்தை அந்தக் கருவிக்குள் யாரும் வைக்கவில்லை.

குளிர் தொடங்கியபோது ஒற்றை ஆள் ஆடுகிற விளையாட்டு ஒன்றை வாங்கினாள். ஒரு பெண் படகோட்டி. ஆளில்லாத ஆற்றில் ஒவ்வொரு துறையாகப் போய் விளக்கேற்ற வேண்டும். அவசரம் கிடையாது, தீ கிடையாது. கைப்பிடிகளைக் கருவியின் இரண்டு பக்கமும் பொருத்தி, பையில் போட்டுக்கொண்டு பேருந்திலும் ஆடத் தொடங்கினாள். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் முறைத்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் பல்லக்காவுக்கே வெட்கம் கொஞ்சம் விட்டது.

ஒரு காலை, பனிமூட்டத்தில் ஒரு துறை தட்டுப்படவே இல்லை. தேடித் தேடி, திருப்பத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் அது இருந்தது. விளக்கை ஏற்றிவிட்டுத் தலையைத் தூக்கினால், ஜன்னலுக்கு வெளியே தெரியாத தெரு. இறங்க வேண்டிய நிறுத்தம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அத்தனை வருட வேலையில் ஒரு நாளும் நடக்காதது. பதறிப்போய் மணியை அழுத்தி இறங்கினாள். கருவியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். கைகள் குளிர்ந்திருந்தன. கடைகள் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஒருவர் நடைபாதையில் வாளித் தண்ணீரை ஊற்றிப் பெருக்கினார். அவள் தாண்டிப் போகும்வரை துடைப்பத்தை நிறுத்தி வைத்திருந்தார். முதலாளியம்மா என்ன சொல்வாளோ என்று நினைத்தபடியே, வந்த வழியே திரும்பிக் கூடத்தை நோக்கி நடந்தாள். வேகமாக நடக்கலாம்தான், நடக்கவில்லை.